பிரித்தானியாவில் பழைய கார் வாங்குமுன் எம்.ஓ.டி. வரலாற்றைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, லூட்டனில் படிக்கும் என் மருமகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, கார் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். புதுசா ஒரு வருஷ எம்.ஓ.டி. போட்டுத் தாறாங்களாம். இண்டைக்கே காசு கட்டட்டோ?" என்று கேட்டான். எம்.ஓ.டி. என்பது கார் வீதியில் ஓடத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டாய ஆண்டுப் பரிசோதனை. காரின் பதிவிலக்கத்தை மட்டும் அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அந்தக் காரின் பத்து ஆண்டு வரலாறு என் கைத்தொலைபேசியில் விரிந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள், பின்சில்லுகளைத் தாங்கும் சட்டகத்தில் கறள் ஏறியிருப்பதாகப் பரிசோதகர் எழுதியிருந்தார். நான்காம் ஆண்டில், அதாவது விற்பனைக்காகப் புதிதாகப் போடப்பட்ட அந்த எம்.ஓ.டி.யில், கறளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டகத்தை மாற்றியிருந்தால் பல நூறு பவுண் செலவாகியிருக்கும். அதற்கான பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். விற்றவரிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

நம்மவர்களில் பலர் இந்த நாட்டில் முதல் கார் வாங்கும்போது வண்ணத்தையும் விலையையும் பார்க்கிறார்கள், "எம்.ஓ.டி. எத்தனை மாதம் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள், அதோடு நின்றுவிடுகிறார்கள். எஞ்சியிருக்கும் மாதங்களைவிடக் கடந்துபோன ஆண்டுகளில் அந்தப் பரிசோதனைகள் என்ன சொல்லின என்பதே வாங்குபவருக்குப் பெறுமதியான செய்தி. அந்தச் செய்தி இலவசமாகவும் எவரும் பார்க்கக்கூடியதாகவும் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் முறை தெரியாவிட்டால் பச்சை நிறத்தில் உள்ள "பாஸ்" என்ற சொல் மட்டுமே கண்ணில் படும்.

எம்.ஓ.டி. என்பது எது, எது அல்ல

எம்.ஓ.டி. என்ற பெயர் மினிஸ்ட்ரி ஒஃப் டிரான்ஸ்போர்ட் என்ற பழைய போக்குவரத்து அமைச்சின் பெயரிலிருந்து வந்தது. 1960-இல் இந்தப் பரிசோதனை தொடங்கியபோது பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே அது உரியதாக இருந்தது. மறு ஆண்டே ஏழு ஆண்டாகக் குறைக்கப்பட்டு, 1967-இல் மூன்று ஆண்டு என்ற இன்றைய எல்லைக்கு வந்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றிலும் ஒரு கார் முதன்முதலாகப் பதியப்பட்டு மூன்று ஆண்டு முடியும்போது முதல் எம்.ஓ.டி. செய்ய வேண்டும்; அதன்பின் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். வட அயர்லாந்தில் முதல் பரிசோதனை நான்காம் ஆண்டில் வருகிறது. அங்கே அதை அரசு நிலையங்களே நடத்துகின்றன. மற்றைய இடங்களில் டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு முகவரகத்தின் அனுமதி பெற்ற கராஜ்கள் நடத்துகின்றன. ஒரு காருக்கு அவை அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் 54.85 பவுண்.

பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், ஸ்பிரிங், ஆசனப்பட்டி, புகை, அடிப்பாகத்தின் உறுதி போன்றவற்றைக் கண்ணாலும் கையாலும் சில கருவிகளாலும் பார்த்து, அந்த நாளில், அந்த நேரத்தில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நிலையில் கார் இருந்ததா என்பதை மட்டும் பதிகிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ள படிகளைப் பின்பற்றுங்கள்.

முதல் படி: பதிவிலக்கத்தைப் பெற்று அரசு தளத்தில் தேடுங்கள்

காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே, பயணச் செலவு செய்வதற்கு முன்பே, இதைச் செய்துவிட வேண்டும். விளம்பரப் படத்தில் இலக்கத்தகடு மறைக்கப்பட்டிருந்தால் விற்பவரிடம் கேளுங்கள். தனியுரிமைக்காகப் படத்தில் மறைப்பவர்கள் உண்டு, அது குற்றமல்ல. ஆனால் நேரில் கேட்டும் தர மறுப்பவரிடம் மேலும் பேச வேண்டியதில்லை.

பிரித்தானிய அரசின் கவ்.யூகே தளத்தில் "செக் எம்.ஓ.டி. ஹிஸ்டரி" என்ற சேவை இருக்கிறது. பதிவிலக்கம் ஒன்றே போதும், காசு கேட்கமாட்டார்கள். தேடுபொறியில் இதே பெயரில் மேலே வந்து நிற்கும் தனியார் தளங்கள் பல, இலவசமாகக் கிடைக்கும் இதே தகவலை அழகுபடுத்திக் காசுக்குத் தருகின்றன; தள முகவரியைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே உள்ளே செல்லுங்கள். அரசின் பதிவுகள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் வாகனங்களுக்கு 2005-இலிருந்தும், வட அயர்லாந்து வாகனங்களுக்கு 2017-இலிருந்தும் கிடைக்கின்றன. உற்பத்தியாளர் பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தும் இன்னும் சரிசெய்யப்படாத நிலையில் அந்தக் கார் இருக்கிறதா என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம். அப்படி ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர் பொதுவாக அதை இலவசமாகவே சரிசெய்து தருவார்.

தேடியதும் முதலில் வரும் நிறத்தையும் மொடலையும் முதற்பதிவுத் திகதியையும் விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள். நிறம் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்று காரணம் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: கீழிருந்து மேலாகப் படியுங்கள்

அந்தப் பக்கத்தில் மிக அண்மைய பரிசோதனை மேலேயும் மிகப் பழையது கீழேயும் இருக்கும். பெரும்பாலானோர் மேலே உள்ள ஒன்றைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் அடிக்குச் சென்று, முதல் எம்.ஓ.டி.யிலிருந்து ஒவ்வோர் ஆண்டாக மேலே ஏறி வாருங்கள். ஒரு தாளில் திகதி, மைல், முடிவு, குறிப்பு என்ற நான்கையும் எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. கையால் எழுதும்போதுதான் ஒழுங்குக் குலைவுகள் தெளிவாகக் கண்ணில் படுகின்றன.

முதலில் இடைவெளிகளைத் தேடுங்கள். ஓர் ஆண்டின் எம்.ஓ.டி. காலாவதியாகும் திகதிக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையில் பல மாதங்கள் இருந்தால், கார் வீதியில் ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம், விபத்தில் அடிபட்டுத் திருத்தத்தில் இருந்திருக்கலாம், அல்லது எம்.ஓ.டி. இல்லாமலே ஓட்டப்பட்டிருக்கலாம். விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். கார் வீதிக்கு வராது என்று அரசுக்குச் சொல்லும் "சோர்ன்" எனப்படும் அறிவிப்பைச் செய்து வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தேன் என்று சொல்பவரிடம் அதற்கான கடிதம் இருக்கும். 2020-இல் தெரியும் இடைவெளிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கொரோனா முடக்கத்தின்போது, 2020 மார்ச் 30 முதல் யூலை 31 வரை முடிவடைய இருந்த எம்.ஓ.டி.களுக்கு அரசே ஆறு மாத நீட்டிப்பு வழங்கியது.

எதிர்ப்புறமாக, பரிசோதனைகள் மிக நெருக்கமாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டு நிறைவதற்கு முன்பே எம்.ஓ.டி. பதிவுகள் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தால், அந்தக் கார் லண்டனில் மினிகப் எனப்படும் வாடகை டாக்சியாக ஓடியிருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் லண்டன் மினிகப்புகள் ஆண்டுக்கு இரு முறை எம்.ஓ.டி. செய்ய வேண்டியவை. மினிகப்பாக ஓடிய கார் கெட்ட கார் என்று நான் சொல்லவில்லை; நம்மவர்கள் பலர் அந்தத் தொழிலில் நேர்மையாக உழைப்பவர்கள், தங்கள் காரை நன்றாகப் பேணுபவர்கள். ஆனால் அது விளம்பரத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும், விலையிலும் தெரிய வேண்டும்.

மூன்றாம் படி: மைல் கணக்கு

ஒவ்வொரு பரிசோதனையின்போதும் பரிசோதகர் காரின் மைல்மானியைப் பார்த்துப் பதிகிறார். இந்த எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 91,000-இலிருந்து 64,000-க்கு இறங்கினால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் மைல் குறைப்பவர்களுக்கும் இந்தப் பதிவு இருப்பது தெரியும் என்பதால், இன்று அந்த மோசடி வேறு வடிவில் நடக்கிறது. எண் இறங்காது, ஏறும் வேகம் மட்டும் குறையும்.

எடுத்துக்காட்டாக ஒரு காரை எண்ணிப் பாருங்கள். 2017-இல் 27,400, 2018-இல் 36,100, 2019-இல் 45,300, 2021-இல் 58,000, 2022-இல் 59,200, 2023-இல் 60,300. எண்கள் ஒருமுறையும் இறங்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் மைல் ஓடிய கார் திடீரென்று ஆயிரத்துச் சொச்சம் மைலே ஓடியிருக்கிறது. காரைப் பழைய உரிமையாளர் வயதான தாயாருக்குக் கொடுத்திருக்கலாம், அவர் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டியிருக்கலாம். அப்படி நடப்பது உண்டு. அல்லது ஓடும் மைலை மானி பதியாமல் தடுக்கும் கருவி ஒன்று பூட்டப்பட்டிருக்கலாம். அதுவும் நடப்பது உண்டு. இரண்டில் எது என்பதைச் சேவைப் பற்றுச்சீட்டுகளும் காரின் உட்புறத் தேய்மானமும்தான் சொல்லும். ஆகவே எண்ணைவிட அதன் ஓட்டத்தைப் பாருங்கள்: ஒவ்வோர் ஆண்டுக்கும் முந்தைய ஆண்டுக்குமான வித்தியாசத்தைத் தாளில் எழுதுங்கள்.

மைல் இறங்கினால் அது கட்டாயம் மோசடிதான் என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. பரிசோதகர் எண்களை மாற்றித் தட்டுவது நடக்கிறது. 67,100 என்பது 76,100 ஆகிவிடும். அந்த ஓர் ஆண்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, முன்னும் பின்னும் உள்ளவை ஒழுங்காக இருந்தால் அது தட்டச்சுப் பிழை. ஜப்பானிலிருந்து இறக்குமதியான காரில் ஓர் ஆண்டு கிலோமீற்றரிலும் மறு ஆண்டு மைலிலும் பதியப்பட்டிருக்கலாம். 96,000 கிலோமீற்றர் என்பது ஏறத்தாழ 59,700 மைல், எனவே இறங்கியது போலத் தோன்றும். பதிவில் அலகு குறிப்பிடப்பட்டிருக்கும், அதைப் பாருங்கள். மானிப் பலகையையே மாற்றியிருந்தால் அதற்கான பற்றுச்சீட்டு இருக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் பகுதி உண்டு. முதல் மூன்று ஆண்டுகளில் எம்.ஓ.டி. இல்லை என்பதால் அக்காலத்து மைல் பொதுவாக இந்த வரலாற்றில் இருக்காது. வாடகை நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் கடுமையாக ஓடிய கார்கள் பெரும்பாலும் அந்த வயதில்தான் கைமாறுகின்றன. மூன்று ஆண்டுக்குக் குறைந்த காரை வாங்குபவர் உற்பத்தியாளரின் சேவைப் பதிவை, முடிந்தால் சேவை செய்த இடத்துக்கே தொலைபேசியில் பேசி, உறுதிப்படுத்திக்கொள்வது கட்டாயம்.

நான்காம் படி: தோல்விகளும் அட்வைசரிகளும்

வரலாற்றின் உண்மையான செல்வம் இங்கேதான் இருக்கிறது. 2018 மே 20-இலிருந்து குறைகள் வகைப்படுத்தப்பட்டுப் பதியப்படுகின்றன. டேஞ்சரஸ் என்றால் திருத்தும்வரை ஓட்டவே கூடாது. மேஜர் என்றால் உடனே திருத்த வேண்டும், இதுவும் தோல்விதான். மைனர் என்றால் தேர்ச்சி உண்டு, ஆனால் விரைவில் திருத்த வேண்டும். அட்வைசரி என்பது இன்றைக்குச் சட்டப்படி குறையல்ல, கவனித்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை. அந்தத் திகதிக்கு முற்பட்ட பதிவுகளில் மேஜர், மைனர் என்ற பிரிவைத் தேட வேண்டாம். தோல்விக் காரணமும் அட்வைசரியும் மட்டுமே இருக்கும்.

தோல்வியைக் கண்டு மிரளாதீர்கள். இலக்கத்தகட்டு விளக்கு எரியவில்லை, வைப்பர் தண்ணீரைச் சரியாகத் துடைக்கவில்லை என்பதற்கெல்லாம் கார்கள் தோற்கின்றன. ஒரே நாளில் தோல்வியும் தேர்ச்சியும் பதியப்பட்டிருந்தால், கராஜிலேயே உடனே திருத்தி முடித்தார்கள் என்று பொருள். என் அனுபவத்தில், ஸ்பிரிங் உடைந்து தோற்று, திருத்தப்பட்டு, மறு ஆண்டு குறிப்பே இல்லாமல் தேறிய கார், ஐந்து ஆண்டுகளாக ஒரே அட்வைசரியைச் சுமந்துகொண்டு ஒருமுறையும் தோற்காத காரைவிட நம்பத்தக்கது. முதலாவது காரின் உரிமையாளர் காசு செலவழித்திருக்கிறார். இரண்டாவதன் உரிமையாளர் ஐந்து ஆண்டுகளாக அந்தச் செலவைத் தள்ளிப்போட்டிருக்கிறார், அதை இப்போது உங்களிடம் தள்ளப் பார்க்கிறார்.

ஆகவே ஒவ்வோர் அட்வைசரியையும் எடுத்து, அடுத்த ஆண்டில் அதற்கு என்ன ஆனது என்று பாருங்கள். மறைந்திருந்தால் திருத்தப்பட்டிருக்க வேண்டும். மீண்டும் வந்திருந்தால் கவனிக்கப்படவில்லை. தோல்வியாக மாறியிருந்தால் கடைசி நேரம்வரை காத்திருந்திருக்கிறார்கள். சொற்களையும் ஊன்றிப் படியுங்கள். நியர்சைட் என்றால் இந்த நாட்டில் நடைபாதைப் பக்கமான இடப்புறம், ஒஃப்சைட் என்றால் சாரதி இருக்கும் வலப்புறம். முன் டயர்களில் உள்விளிம்பு தேய்ந்திருப்பதாக ஆண்டுதோறும் எழுதப்பட்டிருந்தால் பிரச்சினை டயரில் அல்ல, சில்லுகளின் சீரமைப்பிலோ ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளிலோ இருக்கிறது. புது டயர் போட்டால் அதையும் ஓராண்டில் தின்றுவிடும். டயரின் தேய்மானக் குறிப்பு மட்டும் வந்தால் அது சாதாரணச் செலவு; சட்டம் கேட்பது 1.6 மில்லிமீற்றர் ஆழம், அதற்கு அருகில் வந்ததும் பரிசோதகர் எழுதிவிடுவார். எண்ணெய்க் கசிவு என்ற சொல் இரண்டு ஆண்டு தொடர்ந்தால் ஒரு பொறியியலாளரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

கறளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் இந்த நாட்டு வீதிகளில் உப்புத் தூவுகிறார்கள்; அந்த உப்பு நீர் காரின் அடிப்பாகத்தில் தங்கி இரும்பைத் தின்கிறது. பிரேக் குழாயில் மேலோட்டமான கறள், டிஸ்கின் விளிம்பில் கறள் என்பவை பழைய காரில் இயல்பு. ஆனால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஆசனப்பட்டி ஆகியவை பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் கட்டமைப்பு கறளால் பலவீனமடைந்திருந்தால் கார் தோற்கும், அதைத் திருத்த உலோகம் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். அப்படியான இடங்களில் கறள் என்ற அட்வைசரி ஆண்டுக்காண்டு கூடுதலான சொற்களோடு வந்து, திடீரென்று ஓராண்டில் காணாமற்போனால், வேலை நடந்ததா, அல்லது கறுப்புப் பூச்சு அடித்து மூடப்பட்டதா என்ற கேள்வியோடுதான் காரைப் பார்க்கப் போக வேண்டும்.

அடித்தட்டு மூடி இருந்ததால் சில பாகங்களைப் பார்க்க முடியவில்லை என்ற குறிப்பும் அடிக்கடி வரும். அது குற்றச்சாட்டு அல்ல. பரிசோதகர் பார்க்காத இடம் எது என்பதை நேர்மையாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: எங்கே பரிசோதிக்கப்பட்டது

பரிசோதனை நடந்த இடத்தைப் பார்க்க, வி.5.சி. எனப்படும் வாகனப் பதிவுப் பத்திரமான லொக்புக்கில் உள்ள 11 இலக்க ஆவண எண் தேவை. விற்பவர் அந்த எண்ணை உங்களுக்கு அனுப்பத் தயங்கினால் அது நியாயமே, ஏனெனில் அதை வைத்து மோசடி செய்ய முடியும். நேரில் போகும்போது அவரையே அவருடைய தொலைபேசியில் உள்ளிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எட்டு ஆண்டுகள் ஒரே ஊரில் பரிசோதிக்கப்பட்ட கார், நீண்ட அட்வைசரிப் பட்டியலோடு இருந்த கார், விற்பனைக்கு ஒரு கிழமை முன் வேறு ஊரில் குறிப்பே இல்லாமல் தேறியிருந்தால், அந்தத் தேர்ச்சியை நான் கணக்கில் எடுப்பதில்லை. காரே வராமல் சான்றிதழ் மட்டும் வழங்கப்படும் மோசடிக்குக் "கோஸ்ட் எம்.ஓ.டி." என்றே இங்கே பெயர் இருக்கிறது. வாங்கிய பின் அப்படிச் சந்தேகம் வந்தால் டி.வி.எஸ்.ஏ.யிடம் முறையிடலாம். தேறியிருக்கக்கூடாத கார் தேறிவிட்டது என்று முறையிடுவதானால், பொதுவான இயந்திரக் குறைகளுக்குப் பரிசோதனையிலிருந்து 28 நாட்கள், கறளுக்கு மூன்று மாதங்கள் அவகாசம்.

ஆறாம் படி: வரலாறு சொல்லாதவற்றை வேறிடத்தில் தேடுங்கள்

நான் இந்த நாட்டில் வாங்கிய முதல் காரில் பதினொரு மாத எம்.ஓ.டி. இருந்தது, அட்வைசரி ஒன்றுகூட இல்லை. ஏழாவது கிழமையில், குழந்தைகளோடு ஒரு மேட்டில் ஏறும்போது இயந்திரம் உறுமியது, வேகம் மட்டும் ஏறவில்லை. கிளட்ச் தேய்ந்து முடிந்திருந்தது. பரிசோதகர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, எம்.ஓ.டி. இயந்திரத்தின் நிலையையும் கிளட்சையும் கியர்பெட்டியையும் சோதிப்பதே இல்லை. ரைமிங் பெல்ட்டும் அப்படியே. அறுந்தால் இயந்திரத்தையே அழித்துவிடக்கூடிய அந்தப் பட்டியின் வயதை எந்த எம்.ஓ.டி.யும் உங்களுக்குச் சொல்லாது. அதைச் சேவைப் பதிவேட்டில் பாருங்கள், பற்றுச்சீட்டில் பாருங்கள்.

கார் களவெடுக்கப்பட்டதா, அதன்மேல் கடன் நிலுவை இருக்கிறதா, காப்புறுதி நிறுவனம் அதைச் சேதக் காராக ஒதுக்கியதா என்பவற்றையும் எம்.ஓ.டி. வரலாறு சொல்லாது. இவற்றுக்குக் காசு கொடுத்துத் தனியார் சோதனை ஒன்று செய்யத்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2017 ஒக்ரோபருக்குப் பின் சேதக் கார்கள் ஏ, பி, எஸ், என் என நான்காக வகுக்கப்படுகின்றன. ஏ, பி இரண்டும் மீண்டும் வீதிக்கு வரவே கூடாதவை. எஸ் என்றால் கட்டமைப்புச் சேதம், என் என்றால் கட்டமைப்பு அல்லாத சேதம். இவை திருத்தப்பட்டு விற்கப்படலாம். கடன் தீராத காரை வாங்கினால் கடன் கொடுத்த நிறுவனம் அதற்கு உரிமை கோரி வரக்கூடும்.

லொக்புக்கில் உள்ள பெயர் வாகனத்தை வைத்திருப்பவரின் பெயரே தவிர, அது உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கும். அதில் உள்ள முகவரியிலேயே காரைப் பாருங்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சட்டக இலக்கத்தை லொக்புக்கிலும், முன்கண்ணாடியின் அடியிலும், கதவுச் சட்டத்திலும் ஒப்பிடுங்கள். பி.ஜி. 8229501 முதல் பி.ஜி. 9999030 வரையும், பி.ஐ. 2305501 முதல் பி.ஐ. 2800000 வரையும் உள்ள தொடரிலக்கம் கொண்ட லொக்புக் களவு போனதாக இருக்கலாம் என்று அரசு எச்சரித்திருக்கிறது; அப்படி ஒன்றைக் கண்டால் விலகிச் சென்று பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

ஏழாம் படி: எழுதிய தாளோடு காரிடம் போங்கள்

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் போங்கள். ஒரு நல்ல டோர்ச் லைட்டும், மண்டியிட ஒரு பழைய விரிப்பும் கொண்டுபோங்கள். கடைசி இரண்டு பரிசோதனைகளின் குறிப்புகளை ஒவ்வொன்றாகக் காரில் தேட வேண்டும்.

டயரிலிருந்து தொடங்குங்கள். அதன் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் கிழமையில் செய்யப்பட்டது. சென்ற ஆண்டு முன் டயர்கள் இரண்டும் தேய்ந்ததாக அட்வைசரி வந்தது, "உடனே புது டயர் போட்டேன்" என்று விற்பவர் சொல்கிறார், இலக்கமோ ஆறு ஆண்டுக்கு முந்தையது என்றால், அது புது டயர் அல்ல. இந்தச் சின்ன விடயத்தில் உண்மை பேசாதவர் பெரிய விடயங்களில் பேசுவார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

பிறகு மைல். சென்ற பரிசோதனையில் பதிந்ததைவிட மானி இன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். 48,000 மைல் என்று சொல்லும் காரில் ஸ்டியரிங்கின் தோல் கண்ணாடிபோல மினுங்கி, சாரதி ஆசனத்தின் கதவுப்பக்க மேடு கசங்கி, பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

மருமகனோடு நான் பார்க்கப் போன அந்தக் காரில், பின்சில்லுக்கு உட்புறமாக டோர்ச் லைட்டைப் பிடித்துப் பார்த்தபோது சட்டகம் முழுவதும் கறுப்பாகப் பளபளத்தது. சுற்றியிருந்த ஆணிகள், குழாய்கள், ரப்பர்கள் எல்லாவற்றின் மேலும் அதே கறுப்பு. ஒழுங்காகச் செய்பவர்கள் கறளைச் சுரண்டி, தேவையற்ற இடங்களை மறைத்து, பிறகு பூசுவார்கள். இது எல்லாவற்றின்மேலும் ஒரே வீச்சில் அடிக்கப்பட்டிருந்தது. விற்பவரின் அனுமதியோடு ஓர் இடத்தை விரலால் அழுத்தினேன். பூச்சு தோல்போலக் கழன்று வர, அடியில் இருந்த இரும்பு தட்டுத் தட்டாக உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. மருமகன் ஒன்றும் பேசவில்லை. விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

எட்டாம் படி: பேரமும் பணம் கொடுக்கும் நாளும்

வரலாற்றில் உள்ள அட்வைசரிகளுக்கு ஆகும் செலவை முன்கூட்டியே ஒரு கராஜில் விசாரித்து வைத்துக்கொண்டால் பேரம் பேசுவது மரியாதையான உரையாடலாக இருக்கும். "விலையைக் குறையுங்கோ" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "முன் டிஸ்குகள் தேய்ந்திருப்பதாகச் சென்ற ஆண்டே எழுதியிருக்கிறார்கள், மாற்ற இவ்வளவு ஆகும்" என்று தாளைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலானோர் இறங்கி வருவார்கள். எம்.ஓ.டி. முடிய இன்னும் ஓரிரு மாதமே இருந்தால், நீங்கள் தெரிந்தெடுக்கும் நிலையத்தில் புதிய பரிசோதனை செய்து தேறினால் வாங்குகிறேன், கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பத்தைந்து பவுணுக்குள் இவ்வளவு பயனுள்ள வேறு செலவு எனக்குத் தெரியவில்லை. விலை உயர்ந்த காராக இருந்தால் ஏ.ஏ., ஆர்.ஏ.சி. போன்ற வாகன உதவி அமைப்புகளின் பரிசோதகரை அழைக்கலாம்.

வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே குறையிருந்த காரை முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமை உண்டு. தனியாளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. விளம்பரத்தில் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியப் பிடிமானம். ஆகவே விளம்பரத்தையும் நீங்கள் பார்த்த எம்.ஓ.டி. பக்கத்தையும் அன்றே படமெடுத்துச் சேமித்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் நாளின் காலையில் பதிவிலக்கத்தை இன்னொரு முறை தேடுங்கள். பரிசோதனை முடிவுகள் உடனுக்குடன் பதிவில் ஏறிவிடுகின்றன. நீங்கள் பார்த்த நாளுக்கும் வாங்கும் நாளுக்கும் இடையில் விற்பவர் காரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அது தோற்றிருக்கலாம்; பழைய சான்றிதழ் இன்னும் முடியவில்லை என்பதால் அவர் அதையே உங்களுக்குக் காட்டக்கூடும்.

மருமகன் ஐந்து கிழமை கழித்து வேறொரு கார் வாங்கினான். 2021-இல் முன் ஸ்பிரிங் உடைந்து தோற்று, அதே கிழமையில் திருத்தித் தேறிய கார். உரிமையாளரான அம்மா அந்தப் பற்றுச்சீட்டை ஒரு கோப்பில் வைத்திருந்தார், பின் டயர்கள் மாற்றியதும் அதில் இருந்தது, டயரில் இருந்த நான்கு இலக்கமும் பொருந்தியது. காலையில் மீண்டும் தேடினோம், மாற்றம் இல்லை. பணத்தை வங்கி மூலம் அனுப்பி, லொக்புக்கிலிருந்து புதிய பாவனையாளருக்கான பச்சைச் சீட்டைக் கிழித்து வாங்கி, அதில் உள்ள எண்ணை வைத்து அங்கேயே வீதி வரியைக் கட்டினான். பழைய உரிமையாளர் கட்டிய வரி 2014-இலிருந்து புதியவருக்கு வந்து சேர்வதில்லை. காப்புறுதியை முதல்நாளே எடுத்து வைத்திருந்தான். அரசின் இலவச எம்.ஓ.டி. நினைவூட்டல் சேவையில் தன் தொலைபேசி இலக்கத்தைப் பதிந்துவிட்டு, மானியில் இருந்த மைலை எனக்குப் படமெடுத்து அனுப்பிய பிறகே காரை எடுத்தான்.